கானல் மாளிகையின் விருந்தினர்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழா அரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



'விருந்து' என்னும் சொல் இன்று இலையையும் சோற்றையும் நினைவூட்டுகிறது. அதன் பழம்பொருள் புதுமை என்பதாகும். புதிதாய் வந்தவர் விருந்தினர் ஆனார்; அவருக்கு இட்ட உணவு பின்னர் விருந்தாயிற்று. தொல்காப்பியரோ செய்யுளியலில் வனப்பு எட்டனுள் ஒன்றுக்கு இப்பெயரையே சூட்டிப் புதிதாகப் புனையும் செய்யுளைக் குறித்தார். வாயிலில் வந்து நிற்கும் அயலாரும், புலவர் புதிதாகப் பாடும் பாட்டும் தமிழில் ஒரே பெயர் பெற்றிருப்பது கவிஞர்கள் எண்ணி மகிழத்தக்க செய்தி. அரபு மொழியில் விருந்தினரைக் குறிக்கும் சொல் 'தைஃப்'. அதன் வேருக்குச் சாய்தல், ஒருபுறம் ஒதுங்குதல் என்பன பொருள். நடந்துவந்த வழியிலிருந்து சற்றே விலகி ஒரு கூடாரத்தின் பக்கம் சாய்பவர் எவரோ, அவரே விருந்தினர். ஒரு மொழி வந்தவரின் புதுமையைக் கண்டது. மற்றொரு மொழி அவருடைய களைப்பைக் கண்டது.

அந்தக் களைப்பு இல்லாமலே பாலைக்கு வரும் விருந்தினரைப் பற்றியது இவ்வுரை. பாலைநிலத்துச் சொகுசு விடுதிகளுக்கு இலக்கிய மேடையில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். ஐந்திணை வகுத்த மொழிக்கு உரியோர், ஒரு திணை விலைக்கு வந்திருப்பதை அறியாமல் இருத்தல் தகாது என்பதே விடை.

ஐக்கிய அரபு அமீரகத்தின் தெற்குப் பகுதியில் லிவா என்னும் பேரீச்சந்தோப்புகளின் வரிசை ஒன்று உண்டு. அதற்கும் தெற்கே விரிவது ரூப் அல் காலி. 'வெற்று நாற்கூறு' என்று அப்பெயர் பொருள்படும். பரப்பு ஏறத்தாழ 6,50,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல் ஐந்து மடங்கு. அம்மணற்கடலின் விளிம்பில் 2009ஆம் ஆண்டு ஒரு விடுதி திறக்கப்பட்டது. கோட்டை போன்ற மண்ணிறச் சுவர்கள், நாற்புறமும் மணற்குன்றுகள். அதற்குக் கஸ்ர் அல் சராப் என்று பெயர். கஸ்ர் என்றால் மாளிகை. சராப் என்றால் கானல். பழந்தமிழ்ப் புலவர் கானலைப் பேய்த்தேர் என்றனர். நீர் வேட்கையால் ஓடும் விலங்கை ஏய்த்துக்கொண்டே பின்வாங்கும் பொய்ந்நீர் அது. விடுதிக்கு இப்பெயர் இட்டவர் கவியுள்ளம் படைத்தவராக இருக்க வேண்டும். அல்லது விளம்பரத் துறையினராக இருக்க வேண்டும். இந்நாளில் இவ்விரண்டுக்கும் இடையே தொலைவு மிகுதியில்லை.

அபுதாபி நகரிலிருந்து ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். குளிரூட்டிய காரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். இறங்கியவுடன் இத்தகைய விடுதிகளில் விருந்தினர் பெறுவன குளிர்ந்த ஈரத்துவாலையும், பேரீச்சம்பழமும், ஏலக்காய் மணக்கும் 'கஹ்வா' என்னும் அரபுக் காப்பியும் ஆகும். நீண்ட மூக்குடைய பித்தளைக் கூசாவை இடக்கையில் ஏந்தி, கைப்பிடியற்ற சிறு கிண்ணத்தை வலக்கையால் நீட்டுவது முறை. கிண்ணத்தை நிறைத்து ஊற்றலாகாது; நிறைத்தால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று பொருளாகிவிடும். போதும் என்பதை வாயால் சொல்ல வேண்டியதில்லை. கிண்ணத்தை இலேசாக அசைத்தால் போதும். இக்காப்பி மரபை 2015ஆம் ஆண்டு யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. விடுதியில் இச்சடங்கு பிழையின்றி நிகழ்கிறது. கிண்ணம் கைக்கு வந்த அதே வேளையில் கடவுச்சீட்டும் கடன் அட்டையும் பணிவுடன் கேட்டுப் பெறப்படுகின்றன.

இவ்விடத்தில்தான் பழைய பாலை விருந்தும் புதிய பாலை விருந்தும் பிரிகின்றன. பதூவின் மரபில் விருந்தினருக்கு மூன்று நாள் உரிமை உண்டு. அம்மூன்று நாளும் கழியுமுன் அவர் யார், எக்குலத்தார், எங்கே போகிறார் என்று கேட்பது இழுக்கு என்பது வழக்கு. வந்தவர் பகைக்குலத்தவராகவும் இருக்கலாம். பெயர் தெரிந்துவிட்டால் உணவிட முடியாமற் போகலாம்; உணவிடாவிட்டால் அவர் செத்துப்போகலாம். ஆகவே பெயர் பின்னுக்குத் தள்ளப்பட்டது. அறம் என்று இதனைப் போற்றுவது பொருந்தும். கணக்கு என்றாலும் பொருந்தும். இன்று வந்தவருக்கு மறுப்பவன் நாளை அதே மணலில் தாகத்தோடு நடப்பவன்.

இவ்வறத்தின் உச்சியில் நிற்பவர் ஹாத்திம் அல் தாயி. இசுலாம் தோன்றுவதற்கு முன் ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபுக் கவிஞர். தமிழில் பாரி எப்படியோ அரபில் ஹாத்திம் அப்படி. அவருடைய ஒப்பற்ற குதிரையை வேண்டிப் பெற்றுவருமாறு ஒரு மன்னன் தூதரை அனுப்பியதாக ஒரு கதை வழங்குகிறது. தூதர் இரவில் வந்து சேர்ந்தனர். அவர்கள் வந்த நோக்கம் ஹாத்திமுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. மந்தைகள் தொலைவிலிருந்தமையால் சமைப்பதற்கு வேறொன்றும் இல்லை. உண்டு களைப்பாறி மறுநாள் காலையில் தூதர் குதிரையைக் கேட்டபோதுதான், இரவு அவர்கள் உண்டது எது என்பதை ஹாத்திம் சொல்ல நேர்ந்தது. பாரசீகக் கவிஞர் ஸஅதி தம் 'பூஸ்தான்' நூலில் இக்கதையை எடுத்தாண்டுள்ளார். முல்லைக்குத் தேர் ஈந்த கொடையைக் கேட்டு வளர்ந்த தமிழர்க்கு இக்கதையை விளக்க வேண்டியதில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பாரியின் கொடையில் பெருமிதம் தெரிகிறது. ஹாத்திமின் கொடையில் சற்றே துயரமான நகைச்சுவையும் தெரிகிறது.

இவை கதைகள் என்று ஒதுக்குவோருக்கு வில்ஃப்ரட் தெசிஜர் சாட்சி. 1910இல் பிறந்து 2003இல் மறைந்த இவ்வாங்கிலப் பயணி, வெட்டுக்கிளிகளின் பெருக்கம் பற்றி ஆராயும் பணியின் பேரில் அரேபியா சென்று, 1946-47இலும் அடுத்த ஆண்டிலும் ஒட்டகத்தில் ரூப் அல் காலியைக் கடந்தார். 1959இல் வெளியான 'அரேபிய மணல்' என்னும் நூலில் தம் பயணங்களை எழுதினார். அதில் ஒரு முதியவர் வருகிறார். கந்தலுடுத்த, பல்லிழந்த, இளைத்த உருவம். அவரைத் தெசிஜரின் தோழர்கள் பெருமதிப்புடன் வரவேற்றனர். பிச்சைக்காரர் போல் தோன்றும் இவருக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று தெசிஜர் வியந்தார். ஒரு காலத்தில் பெரும் ஒட்டக மந்தைக்கு உடையவராய் இருந்தவர் அவர். வந்தவர்க்கெல்லாம் ஓர் ஒட்டகத்தை அறுத்து விருந்திட்டே எல்லாம் இழந்தார் என்று பின் கபீனா என்னும் இளைஞர் விளக்கினார். அவ்விளைஞர் குரலில் இரக்கம் இல்லை. பொறாமை இருந்தது என்பதைத் தெசிஜர் குறித்துள்ளார். உடைமை முழுதும் போய்ப் பெயர் மட்டும் எஞ்சிய ஒருவரைப் பார்த்து ஓர் ஏழை இளைஞர் பொறாமைப்படும் நாட்டில்தான் புலவர்க்கு வேலை உண்டு.

லிவாவை நோக்கிய பயணத்தில் நடந்தது இன்னொரு நிகழ்ச்சி. தெசிஜரும் தோழர்களும் பல நாள் அரைவயிற்றுக்கும் குறைவாக உண்டு வந்தனர். ஒருநாள் ஒரு முயல் கிடைத்தது. நெடுநாட்களுக்குப் பின் கிடைத்த இறைச்சி. அதைச் சமைத்து, எப்போது வேகும் என்று அனைவரும் நெருப்பைச் சுற்றி அமர்ந்து காத்திருந்தனர். அந்நேரம் மணற்குன்றின் மேல் மூன்று அரபியர் தோன்றினர். வணக்கங்கள் முடிந்தன, செய்திகள் பரிமாறப்பட்டன. பிறகு முயற்கறியும் ரொட்டியும் முழுமையாக வந்தவர்கள் முன் வைக்கப்பட்டன. சேர்ந்து உண்ணுமாறு அவர்கள் அழைத்தபோதும் இவர்கள் இசையவில்லை. 'நீங்கள் விருந்தினர், இறைவன் உங்களை நல்ல வேளையில் கொண்டுவந்தான்' என்ற கருத்தில் வற்புறுத்தி உண்பித்தனர். தெசிஜரும் அவ்வாறே முகமன் கூறினார். உள்ளத்தில் கொலைவெறி இருந்ததையும் மறைக்காமல் எழுதினார். அவருடைய நூலில் மிகவும் நம்பத்தக்க வரி அதுவே எனலாம்.

அதே பயணத்தில், 1946 டிசம்பரில், தோழர் சிலர் உணவு வாங்குவதற்காக லிவாவுக்குள் சென்றனர். அயல்நாட்டவராகிய தெசிஜர் அங்கே தலைகாட்ட இயலாது. மணலில் மூன்று நாள் பட்டினியாகக் கிடந்தார். உணவைப் பற்றியே நினைவு சுழன்றது. வாங்கிவந்த பொருளும் எதிர்பார்த்ததினும் குறைவாகவே இருந்தது. இன்று அந்த லிவா வட்டாரத்தில் காலை உணவு மேசையில் எத்தனை வகைப் பழங்கள், எத்தனை வகை ரொட்டிகள் என்று எண்ணி முடிப்பதே ஒரு வேலை.

இதைக் கேட்டதும் 'அந்தக் காலம் பொற்காலம்' என்று சொல்லத் தோன்றும். அவ்வாறு சொல்வது எளிது, நேர்மையன்று. தெசிஜருக்குத் திரும்பிச் செல்ல இலண்டன் இருந்தது. அவருடைய தோழர்களுக்குப் பாலை ஒன்றே இருந்தது. எண்ணெய் வளம் வந்தபோது அவர்கள் மகிழ்ச்சியோடு கார் ஏறினர். 1977இல் தெசிஜர் திரும்பிவந்து அம்மாற்றத்தைக் கண்டு மனம் வெதும்பினார். பழைய தோழர்களோ அவரைப் போல் வருந்தவில்லை. 1990இல் மீண்டும் அபுதாபி வந்தபின் அவரும் மாற்றத்தோடு ஒருவாறு சமாதானம் செய்துகொண்டார். பசித்தவனின் விருந்தோம்பலைப் பாராட்டுவோர், அவன் பசி நீங்கியதைக் குறைகூற உரிமையற்றவர். ஆகவே விடுதியைக் கண்டு முகஞ்சுளிப்பதோடு இவ்வாராய்ச்சி முடிந்துவிடாது.

விடுதியில் தங்கும் விருந்தினர் பெறுவது வெறும் பொய்யும் அன்று. விடியலுக்கு முன் எழுப்பப்பட்டு, வெறுங்காலோடு மணற்குன்று ஏறுகிறார். பகலில் பொசுக்கும் மணல் அப்போது ஈரத்துணி போல் குளிர்ந்திருக்கும். இரவெல்லாம் ஊர்ந்த வண்டின் தடம், பல்லியின் தடம், நரியின் தடம் ஆகியவை யாரும் மிதிக்காத மணலில் எழுத்துப்போல் கிடக்கும். ஞாயிறு எழும்போது ஒவ்வொரு குன்றும் பாதி ஒளியாகவும் பாதி இருளாகவும் கத்தியால் பிளந்ததுபோல் நிற்கும். அந்நேரத்து அமைதி நகரத்துச் செவிக்கு முதலில் அச்சமூட்டும். தம் குருதி ஓடும் ஒலியே கேட்பதுபோல் இருக்கும். இதனை விலைகொடுத்து வாங்கினார் என்பதால் அவர் கண்ட ஞாயிறு போலி ஞாயிறாகிவிடாது. பணம் படைத்தோர்க்கு வியப்புணர்ச்சி இல்லை என்று கருதுவது கவிஞர்கள் எளிதில் வீழும் பிழை.

பிறகு அரைமணி நேர ஒட்டகச் சவாரி, வல்லூறு பறக்கவிடும் காட்சி, நண்பகலில் நீச்சற்குளம், மாலையில் எண்ணெய்த் தேய்ப்பு, இரவில் கம்பளம் விரித்த கூடாரத்தில் உணவு. இவற்றை விரிக்க வேண்டியதில்லை. எல்லா நாட்டுப் பாலை விடுதிகளிலும் இவை ஏறத்தாழ ஒன்றே.

விரித்துச் சொல்ல வேண்டியது ஒரு மானைப் பற்றி. துபாய்க்கு அண்மையில் பாலைநிலத்தில் 1999இல் திறக்கப்பட்ட விடுதி ஒன்றின் பெயர் அல் மஹா. மஹா என்பது அரேபிய ஆரிக்ஸ் மான். வெண்ணிற உடல், கரிய கால்கள், நீண்டு நேராய் வளர்ந்த இரட்டைக் கொம்பு. காதலியின் கண்களுக்கு மஹாவின் கண்களை உவமை கூறுவது அரபுக் கவிதையின் நெடுநாள் மரபு. தமிழ்ப் புலவர் மானின் மருண்ட நோக்கைக் கண்டது போலவே அவர்களும் கண்டனர். ஓராயிரம் ஆண்டுக்கு மேல் உவமையாய் வாழ்ந்த அவ்வுயிர், காரும் துப்பாக்கியும் வந்த சில பத்தாண்டுகளில் வேட்டையாடித் தீர்க்கப்பட்டது. 1972இல் ஓமான் நாட்டில் இயற்கைச் சூழலில் வாழ்ந்த கடைசி மானும் மறைந்தது. பாட்டில் கண் இருந்தது. காட்டில் மான் இல்லை.

நல்லூழாக 1962லேயே சிலர் விழித்துக்கொண்டு சில மான்களைப் பிடித்து அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகர் விலங்குக் காட்சிசாலையில் வளர்த்துப் பெருக்கினர். அவற்றின் வழிவந்தவை 1982இல் ஓமானின் ஜித்தத் அல் ஹராசிஸ் வெளியில் விடப்பட்டன. அந்நிலத்து ஹராசிஸ் குலத்தாரே காவலராயினர். 1994இல் அவ்விடம் உலகப் பாரம்பரியக் களமாயிற்று. ஆனால் 1996 முதல் திருட்டு வேட்டை பெருகியது. 450 வரை உயர்ந்த தொகை 65ஆகச் சரிந்தது. எண்ணெய் ஆய்வுக்காகக் காப்பிடத்தின் பரப்பில் 90 விழுக்காட்டை அரசு குறைத்ததும், 2007இல் யுனெஸ்கோ அவ்விடத்தைப் பட்டியலிலிருந்தே நீக்கியது. உலகில் அவ்வாறு நீக்கப்பட்ட முதல் களம் அதுவே. துபாயில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. விடுதியைச் சூழ்ந்த ஏறத்தாழ 225 சதுர கிலோமீட்டர் நிலம் 2003இல் காப்பகமாக நிறுவப்பட்டது, மான்கள் பெருகின, மேய்ச்சலால் அழிந்த புல்லும் புதரும் மீண்டன. பரம்பரைப் பெருமையும் உலக அமைப்பின் சான்றும் காக்கத் தவறிய இடம் ஒன்று உண்டு. செல்வர் ஓரிரவுக்குக் கொடுக்கும் வாடகை துணைநிற்க மான் தழைத்த இடமும் ஒன்று உண்டு. சொகுசைப் பழிப்போர் இவ்வுண்மையை விழுங்கித்தான் ஆக வேண்டும்.

அவ்விடுதியில் ஒவ்வொரு குடிலுக்கும் தனித்தனி நீச்சற்குளம் உண்டு. நண்பகலில் விருந்தினர் குளக்கரையில் சாய்ந்திருக்க, ஒரு மான் மெல்ல வந்து அக்குளத்தில் வாய்வைத்து நீர் பருகும். தங்கி மீண்டவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் துய்ப்பு இதுவே; நிழற்படங்களிலும் இதுவே முதலிடம் பெறும். காட்சி அழகியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த மான் எத்தகையது? இலையிலும் கிழங்கிலும் உள்ள ஈரத்தையும், விடியற்பனியையும் கொண்டே நீண்ட காலம் நீர் பருகாமல் வாழ வல்லது. பாலையின் தவசி என்றே அதனைச் சொல்லலாம். அத்தவசியை நீச்சற்குளம் வரை வரவழைத்திருக்கிறது வளமை. அது தாகத்தால் வந்ததா, பழக்கத்தால் வந்ததா என்பதை மான்தான் சொல்ல வேண்டும்.

நீரைப் பற்றி மேலும் ஒன்று. தெசிஜர் தேடிச்சென்ற கிணறுகளில் பல உவர்நீர்க் கிணறுகள். சிலவற்றின் நீரை ஒட்டகமே முகர்ந்து பார்த்து விலக்கியது. தோழர் அனைவரும் வந்து சேரும் வரை முன்னே வந்தவர் நீரில் கைவைக்காமல் காத்திருந்தனர். இன்று அமீரகத்தின் குடிநீரில் பெரும்பகுதி கடல்நீரைக் காய்ச்சியும் வடித்தும் பெறுவது. அந்நீரைக் குழாய்வழியே லிவாவுக்குக் கொண்டுவந்து மணலுக்கடியில் உள்ள நீர்ப்படுகையில் இருபத்தேழு மாதம் செலுத்திச் சேமித்தனர். 2018இல் அப்பணி நிறைவுற்றது. அளவு 2 கோடியே 60 லட்சம் கன மீட்டர். நெருக்கடி வந்தால் பத்து லட்சம் பேருக்கு மூன்று மாதம் போதும் என்பது கணக்கு. ஆக, நீரற்ற நிலத்தின் முத்திரையாக இருந்த லிவா இன்று நாட்டின் நீர்க்களஞ்சியம். கானல் மாளிகைக்கு அருகில், மணலுக்கு அடியில், மெய்யாகவே நீர் இருக்கிறது. பேய்த்தேர் தோற்றுவிட்டது என்று கூடச் சொல்லலாம்.

அப்படியானால் அவ்விடத்தில் பாலை எங்கே இருக்கிறது?

கவிஞர்களே, தொல்காப்பியர் பாலைக்கு நிலம் வகுக்கவில்லை என்பது இவ்வவை அறிந்ததே. முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து நல்லியல்பு இழக்கும்போது பாலை என்பதோர் படிவம் கொள்ளும் என்ற விளக்கத்தை இளங்கோவடிகள் தந்தார். தமிழ்ப் பாலை ஓர் இடம் அன்று, ஒரு நிலை. அதற்கு முதற்பொருள் உண்டு, கருப்பொருள் உண்டு. ஆயினும் அதன் உயிர் உரிப்பொருளாகிய பிரிவில் இருக்கிறது. தலைவன் பொருள் தேடிச் சுரம் கடக்கிறான். தலைவி நாள் எண்ணி இருக்கிறாள். இது இல்லையேல் கள்ளியும் பருந்தும் வெயிலும் வெறும் தாவரவியலும் விலங்கியலும் வானிலையும் ஆகிவிடும். அரபுக் கசீதாவும் இதற்கு அயலன்று. அதன் தொடக்கம், கூட்டத்தார் பெயர்ந்துபோன பழைய தங்குமிடத்தில் குதிரையையோ ஒட்டகத்தையோ நிறுத்திக் காதலியை நினைந்து அழுவது. இரண்டு பாலையும் ஒன்றையொன்று அறியாமலே பிரிவில் கால் ஊன்றின.

இந்த அளவுகோலை விடுதியின் மேல் வைத்துப் பார்க்கலாம். முதற்பொருள் குறைவின்றி உண்டு: மணல், நண்பகல், வேனில். கருப்பொருளும் உண்டு: மான், வல்லூறு, ஒட்டகம், காஃப் மரம். அமீரகத்தின் தேசிய மரமாகிய இந்தக் காஃப் வேறொன்றும் அன்று. தமிழகத்துக் கோயில்களில் தலமரமாய் நிற்கும் வன்னியே. எல்லாம் முறைப்படி அமைந்துள்ளன. உரிப்பொருள் மட்டும் விருந்தினரிடம் இல்லை. அவர் துணைவியோடும் மக்களோடும் வந்திருக்கிறார். புதுமணத் தம்பதியரும் பலர். பிரிந்து வந்தவர் அவர்களுள் மிகச் சிலரே. பிரிவைத் தீர்த்துக்கொள்ளவே வந்தவர்கள் அவர்கள். நிலம் பாலை, ஒழுக்கம் குறிஞ்சி. திணைமயக்கம் என்று இலக்கண ஆசிரியர் பெயரிடக்கூடும். குறை என்று சொல்வதற்கில்லை.

ஆனால் உரிப்பொருள் அவ்விடத்தைவிட்டு நீங்கிவிடவில்லை. அது கூசாவை ஏந்தி நிற்கிறது.

அமீரகத்தில் வாழ்வோரில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிறநாட்டார். விடுதியில் கஹ்வா ஊற்றுபவர், படுக்கை விரிப்பவர், குளத்தைத் தூய்மை செய்பவர், வெளியே ஒட்டகக் கயிற்றைப் பிடித்து நடப்பவர் ஆகியோர் பெரும்பாலும் கேரளத்தார், தமிழர், நேபாளத்தார், இலங்கையர், பிலிப்பைன்சு நாட்டார், வங்காளத்தார். இவர்கள் பொருள்வயிற் பிரிந்தவர்கள். சங்கத் தலைவன் கடந்த சுரத்தை இவர்கள் வானூர்தியில் நான்கு மணி நேரத்தில் கடக்கின்றனர். மீள்வதற்குத்தான் ஓராண்டோ ஈராண்டோ ஆகிறது. பாலையின் முதலும் கருவும் விருந்தினருக்கு; உரி பணியாளருக்கு. விருந்தினரை ஓம்புபவர் தாமே அந்நாட்டில் தங்கவந்தவர். தங்க இடமளித்தவர்க்கோ அவர் விருந்தினர் அல்லர்.

இங்கும் ஒரு சொல் வரலாறு உண்டு. வளைகுடா நாடுகளில் அயல்நாட்டுப் பணியாளரின் நுழைவிசைவுக்குப் பொறுப்பாளர் கஃபீல் எனப்படுவார். கஃபாலா என்னும் அரபுச் சொல் இசுலாமியச் சட்டத்தில் பிணை நிற்றலையும், பெற்றோரற்ற குழந்தையைப் பொறுப்பேற்று வளர்த்தலையும் குறிக்கும். எளியவனுக்காக வலியவன் தன் பெயரைப் பிணையாக வைப்பது அதன் உட்கருத்து. காலப்போக்கில் அப்பிணை தலைகீழானது. எளியவனே பிணைப்பொருள் ஆனான். வந்த விருந்தினரின் கடவுச்சீட்டு ஐந்து நிமிடத்தில் புன்னகையோடு திரும்பிவிடும். பணியாளரின் கடவுச்சீட்டை முதலாளி வைத்துக்கொள்ளும் வழக்கமோ, சட்டம் விலக்கிய பின்னும் வளைகுடாவில் முற்றிலும் மறையவில்லை. இது எந்தவொரு விடுதியையும் சுட்டியதன்று. பல விடுதிகளில் பணியாளர் நன்கு நடத்தப்படுவதும் உண்டு. நன்கு நடத்தப்படும் பிரிவும் பிரிவுதான்.

மலையாள எழுத்தாளர் பென்யாமின் 2008இல் வெளியிட்ட 'ஆடுஜீவிதம்' இவ்வுரிப்பொருளின் கடைக்கோடியைக் காட்டிய புதினம். வேலை தேடிச் சவூதி அரேபியா சென்ற நஜீப் என்பவன், பாலைநடுவில் ஓர் ஆட்டுப்பட்டியில் அடிமைபோல் அகப்பட்டு, மனிதப் பேச்சே மறந்து, பின் மணலில் நடந்து தப்புகிறான். அங்கே குளிக்க நீர் இல்லை. கேட்க ஆள் இல்லை. தெசிஜர் கண்ட விருந்தோம்பலின் நிலத்தில், வந்தவன் பெயரைக் கடைசிவரை ஒருவரும் கேட்காத இன்னொரு நிலைமை இது. அன்று பெயர் கேளாமை காப்பாற்றியது. இன்று பெயர் கேளாமை அழித்தது. அப்புதினம் பிளெஸியின் இயக்கத்தில் 2024இல் திரைக்கு வந்தது. அதன் பாலைக் காட்சிகளில் பெரும்பகுதி யோர்தான் நாட்டின் வாதி ரம் பள்ளத்தாக்கில் எடுக்கப்பட்டது. 2020இல் பெருந்தொற்றால் வானூர்திகள் நின்றபோது படக்குழுவினர் அங்கேயே வாரக்கணக்கில் சிக்கிக்கொண்டனர். அதே வாதி ரம்மில்தான், கண்ணாடிக்குமிழ் போன்ற ஒளிபுகும் கூடாரங்களில் படுத்தபடியே விண்மீன்களைப் பார்க்கும் சொகுசு முகாம்கள் இருக்கின்றன. ஒரே செம்மணல். ஒருபுறம் விண்மீன்; ஒருபுறம் ஆட்டுப்பட்டி, நடிப்பாகவேனும்.

இவ்விரண்டையும் ஒரு பாட்டில் வைக்க வல்ல கவிஞர் எவர் என்பது தெரியவில்லை. விருந்தினர் எழுதும் குறிப்பேடுகளில் அப்பாட்டு இராது. அங்கே நன்றியும் மகிழ்ச்சியும் இருக்கும், அவையும் உண்மையே. பாலை பாடிய புலவர் தலைவனின் கூற்றையும் பாடினார், தலைவியின் கூற்றையும் பாடினார். இடைச்சுரத்துக் கண்டோர் கூற்றுக்கும் இடம் வைத்தார். கண்டோர் கூற்றுக்கு இன்று ஆள் மிகுதி. மற்ற இரண்டும் பெரும்பாலும் தொலைபேசியில் நிகழ்ந்து காற்றில் போகின்றன.

இரவு உணவு முடிந்து, கம்பளங்கள் சுருட்டப்பட்டு, விருந்தினர் குடில்களில் விளக்கணைந்த பின், குன்றுக்கு அப்பால் கண்ணில் படாதவாறு அமைந்த பணியாளர் குடியிருப்பில் ஒருவர் காலணியைக் கழற்றி மணலை உதறிவிட்டுப் படிக்கட்டில் அமர்கிறார். நாளெல்லாம் ஏலக்காய் மணந்த கை. அங்கே மணி பதினொன்று. அவர் எண்களை அழுத்தும்போது ஊரில் பன்னிரண்டரை. அவ்வேளையிலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறார்கள்.